ஸ்ரீரங்கம் ஸ்டேஷனில் ஒரு காலி இடம்

நாலாம் வகுப்புப் படிக்கும்போது, பெத்லகேமுக்குப் போகிற ரயில் ஸ்ரீரங்கத்தில் நின்று போகும் என்று நான் நம்பினேன். நம்பாமல் என்ன செய்வது? பெரியப்பா அந்த ஸ்டேஷனை என் கண் முன்னால் கட்டிக்கொண்டிருந்தார்.

பெரியப்பாவுக்குப் பொன்மலை ரயில்வே பட்டறையில் வேலை. இரும்பை உருக்கி ஊற்றுவதற்கு முன்னால், வார்க்க வேண்டிய சாமானை அச்சு அசலாக மரத்தில் செய்து கொடுக்க வேண்டும். அந்த மர உருவங்களைச் செய்கிறவர் அவர். காதில் பென்சில் இல்லாமல் அவரை நான் பார்த்ததில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் நற்கருணை வாங்க எழுந்து போகும்போதும் அது அங்கேயே இருக்கும். பெரியம்மா பின்னாலிருந்து உருவித் தன் பைக்குள் போட்டுக்கொள்வாள்.

அவர்கள் குவார்ட்டர்ஸுக்குப் பக்கத்தில் ஓர் ஆங்கிலோ இந்திய டிரைவர் குடும்பம் இருந்தது. ஆஸ்திரேலியாவுக்குக் குடிபோகும்போது, கொண்டுபோக முடியாத சாமான்களைத் தெருவுக்கே பங்கிட்டுவிட்டுப் போனார்கள். எல்லாரும் பீரோ, கட்டில், கோழிக்கூண்டு என்று தூக்கிக்கொண்டு போக, பெரியப்பாவின் பங்குக்குக் கரண்டில் ஓடும் ஒரு ரயில் வந்தது. பொம்மை ரயில் என்றால் உள்ளங்கையில் அடங்குவதுதான் ஞாபகத்துக்கு வரும். இது அப்படியில்லை. எஞ்சின் மட்டும் என் முழங்கை நீளம். பெட்டியின் ஜன்னலுக்குள் என் விரலை விட்டு எடுக்கலாம்.

செய்தி கோயில் வரைக்கும் போய்விட்டது. அந்த வருடக் கிறிஸ்துமஸ் குடிலைச் சுற்றி ரயில் ஓடினால் ஊரே திரண்டு வரும் என்று ஃபாதர் ஆசைப்பட்டார். ரயில் ஓட வேண்டுமென்றால் அக்கம்பக்கத்தில் வீடு, ஸ்டேஷன், பாலமெல்லாம் வேண்டுமே. மலைக்கோட்டைக்குக் கீழே இருக்கிற பொம்மைக் கடைகளில் ஏறி இறங்கினார்கள். கிடைத்த வீடுகளெல்லாம் எஞ்சினின் சக்கரத்துக்குப் பக்கத்தில் வைத்தால் தீப்பெட்டி மாதிரி இருந்தன. அந்த ரயிலுக்கேற்ற ஊர் எந்தக் கடையிலும் விற்கவில்லை. நானே கட்டித் தருகிறேன் என்றார் பெரியப்பா. என்ன கட்டப் போகிறார் என்று கேட்டபோதுதான் ஸ்ரீரங்கம் ஸ்டேஷன் என்றார்.

கோயில் கமிட்டியில் ஒருவர் சிரித்துவிட்டார். “ஏங்க, மூணு ராஜாவும் ஒட்டகத்துல வந்தாங்களா, லால்குடி பாஸஞ்சர்ல வந்தாங்களா?”

ஃபாதர் சிரிக்கவில்லை. “தங்க எடம் கெடைக்காம அலைஞ்சவங்க, ஸ்டேஷன்ல படுக்காம வேற எங்க படுப்பாங்க? அவர் கட்டட்டும், விடுங்க” என்றார். ஃபாதருக்கு விஷயம் தெரியும். கமிட்டிக்காரர் ஊருக்குப் புதிது.

விஷயம் இதுதான். பெரியப்பாவுக்கு ஒரு மகள் இருந்தாள். என் வயதுதான், எனக்குச் சில வாரங்கள் மூத்தவள். மூன்று முடிந்து நாலு நடக்கும்போது, வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்தில், ஸ்ரீரங்கம் ஸ்டேஷன் பிளாட்ஃபாரத்தில் காணாமல் போய்விட்டாள். தேடாத இடமில்லை. போலீஸ், சத்திரம், ஆற்றங்கரை, வேளாங்கண்ணி வரைக்கும் போய்ப் பார்த்தார்கள். உயிரோடும் கிடைக்கவில்லை, மற்றபடியும் கிடைக்கவில்லை. அவளைப் பற்றி எனக்குச் சொல்லப்பட்டது இவ்வளவுதான். அவள் முகமே எனக்கு ஞாபகமில்லை. எங்கள் வீடு பாலக்கரையில் இருந்தது. பொன்மலைக்குப் போகும்போதெல்லாம் அவள் பெயரைச் சொல்லக் கூடாது என்று அம்மா சைக்கிள் ரிக்‌ஷாவிலேயே ஒருமுறை எச்சரித்துவிடுவாள்.

ஆனால் பெரியம்மாவுக்குள் அவள் வளர்வது நிற்கவேயில்லை. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் ஒரே துணியில் இரண்டு கவுன் தைப்பாள். ஒன்று எனக்கு. இன்னொன்று மடித்து டிரங்குப் பெட்டிக்குள் போகும். இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்துப் பார்த்தால் பெட்டிக்குள் போவது ஒரு விரற்கடை நீளமாக இருக்கும். ஏன் என்று ஒருமுறை கேட்டேன். “அவ உன்னைவிட ஒசரம்டி” என்றாள் பெரியம்மா, மகள் பக்கத்து அறையில் இருப்பதைப் போல. பக்கத்து அறையை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் மறுபடி உட்கார்ந்தேன்.

அளவெடுக்க ஸ்ரீரங்கம் போனபோது பெரியப்பா என்னையும் அழைத்துப் போனார். ஓர் ஆள் பக்கத்தில் நின்றால்தான் கட்டடத்தின் உயரம் கண்ணுக்குப் பிடிபடும் என்றார். டவுன் ஸ்டேஷனில் ரயிலேறி, காவேரிப் பாலத்தைக் கடந்ததும் இறங்கிவிட்டோம். தூண், கதவு, தண்ணீர்க் குழாய் என்று ஒவ்வொன்றின் பக்கத்திலும் என்னை விறைப்பாக நிற்க வைத்து அளந்தார். போர்ட்டர் ஒருவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “என்ன சார், இடிக்கப் போறாங்களா?” என்று கேட்டார்.

“கட்டப் போறோம்” என்றார் பெரியப்பா.

பிளாட்ஃபாரத்தின் நடுவில், டிக்கெட் கொடுக்கும் இடத்தைத் தாண்டி, என் கால் எதிலோ இடித்தது. குனிந்து பார்த்தேன். சிமெண்டுத் தரையில் சதுரமாக ஒரு தழும்பு. மூலைக்கு ஒன்றாகத் துருப்பிடித்த போல்ட்டுகள் நீட்டிக்கொண்டிருந்தன. கட்டைவிரலில் ரத்தம்.

“இங்க என்ன பெரியப்பா இருந்துச்சு?”

அவர் தரையிலேயே உட்கார்ந்து தன் கைக்குட்டையைக் கிழித்து என் விரலில் கட்டினார். கட்டி முடித்த பிறகும் எழுந்திருக்காமல் அந்தச் சதுரத்தின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டிருந்தார். ஸ்டேஷனில் இருந்த எல்லாவற்றையும் அளந்தவர் அதை மட்டும் அளக்கவில்லை.

அதற்குப் பிறகு சனி, ஞாயிறு முழுக்க நான் பொன்மலையில்தான். வீட்டில் மரம் ஒட்ட வஜ்ஜிரம் காய்ச்சும் நாற்றம் சாப்பாட்டில்கூட அடிக்கும். நிஜத்தில் ஓர் அடி என்றால் மாதிரியில் அரை அங்குலம் என்று பெரியப்பா கணக்கு வைத்திருந்தார். தேக்குத் துண்டுகளில் தூண்கள், தேயிலைப் பெட்டிப் பலகையில் சுவர்கள், உப்புத்தாளில் பிளாட்ஃபாரத் தரை. கூரை ஓடுகளைக்கூடத் தனித்தனியாகச் செதுக்கி அடுக்கினார். ஜன்னல் கண்ணாடிக்கு, ஆஸ்பத்திரியில் வேண்டாமென்று போட்ட எக்ஸ்ரே பிலிம்களை வாங்கி வந்து வெந்நீரில் கழுவி நறுக்கினார். கழுவியும் எல்லாம் போகவில்லை. உள்ளே பல்பு போட்டதும் ஸ்டேஷன் மாஸ்டர் அறை ஜன்னலில் யாருடைய விலா எலும்போ மங்கலாகத் தெரிந்தது. எனக்கு அந்தப் பக்கம் உட்காரவே பிடிக்காது.

எல்லாம் முடிந்து கோயில் பந்தலுக்குக் கொண்டுபோய் வைத்தால் மேசையில் இடம் போதவில்லை. பிளாட்ஃபாரம் ஒரு விரல் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. மேசை செய்த ஆசாரி, தன் டேப்பில் தப்பில்லை என்று சத்தியம் செய்தார். பிறகுதான் புரிந்தது. உருக்கிய இரும்பு ஆறும்போது கொஞ்சம் சுருங்கும். அதனால் பட்டறையில் மர உருவத்தைக் கொஞ்சம் பெரிதாகவே செய்வார்கள். அதற்கென்றே அங்குலத்துக்கு அங்குலம் சற்று நீட்டிப் போட்ட தனி அளவுகோல் உண்டு. பெரியப்பா பழக்கதோஷத்தில் முழு ஸ்டேஷனையும் அந்தக் கோலால் அளந்து கட்டிவிட்டார். கமிட்டிக்காரருக்கு மறுபடியும் சிரிக்க ஒரு வாய்ப்பு. பெரியப்பாவும் சிரித்தார். அந்த மாதத்தில் அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

ஸ்டேஷன் வீட்டில் இருந்தவரை எனக்கு அதிகப் பயம் தந்தது எக்ஸ்ரே ஜன்னல் அல்ல, ஒரு பொம்மை. பிளாட்ஃபாரத்தில் நிற்க வைக்கக் கூலிக்காரர், பூக்காரி, குடுமிக்காரர் என்று நிறைய பேரைச் செதுக்கியிருந்தார். கடைசியாக ஒரு சிறுமியைச் செதுக்கினார். அதற்காக என்னைச் சுவரோரம் நிறுத்தி, தோள், கை, ஜடை என்று சட்டைக்கு அளவெடுப்பதைப் போல எடுத்தார். பெரியம்மா அந்த வருடக் கவுன் துணியில் ஒரு நறுக்கை எடுத்து அதற்கு உடுத்திவிட்டாள். என் ஜடை, என் கவுன், என் ஒல்லிக்கால். ஆனால் அது நானில்லை.

“என்னைவிட ஒசரமா இருக்கே பெரியப்பா” என்றேன். பொம்மையில் அது நகக்கண் அளவுகூட வராது. எனக்கு எப்படியோ தெரிந்தது.

“ஆமா, பாப்பா. ஒரு விரற்கடை சேத்துதான் செஞ்சேன்.”

அதன் ஒரு கை மட்டும் பக்கவாட்டில் நீண்டிருந்தது, யாரையோ பிடித்திருக்கிற மாதிரி. பக்கத்தில் யாருமில்லை. அதை நிறுத்தி வைத்த இடத்துக்கு ஒட்டினாற்போல், உப்புத்தாள் ஒட்டாமல் வெறும் பலகையாகச் சதுரமாக ஓர் இடம் விட்டிருந்தார்.

“இங்க ஒட்ட மறந்துட்டீங்க.”

“மறக்கல. அது அப்படியே இருக்கட்டும். யாராச்சும் வந்து கேப்பாங்க, இங்க ஒண்ணு இருந்துச்சேன்னு. கேக்குறவங்க வரணும்னுதான் இத்தனையும் கட்டினேன்.”

அதை அவர் என்னிடம் சொல்லவில்லை, சமையலறை வாசலில் நின்றிருந்த பெரியம்மாவைப் பார்த்துச் சொன்னார். மகள் எங்கோ யார் வீட்டிலோ வளர்ந்துகொண்டிருந்தால், ஒருநாள் கூட்டத்தோடு கூட்டமாக ரயில் பார்க்க வருவாள். ஸ்டேஷனைப் பார்த்ததும் ஏதாவது ஒன்று மனதில் தட்டும். அவர்கள் இரண்டு பேரும் நம்பிக்கொண்டிருந்தது அதைத்தான். வீட்டில் பெரியவர்கள் எல்லாருக்கும் அது தெரிந்திருந்தது. யாரும் வேண்டாமென்று சொல்லவில்லை. எப்படிச் சொல்வார்கள்?

ஃபாதர் ஆசைப்பட்டபடியே ஊர் திரண்டது. கிறிஸ்துமஸ் முடிந்தும் கூட்டம் குறையவில்லை. ஸ்ரீரங்கத்திலிருந்து நாமம் போட்ட மாமாக்கள் குடும்பத்தோடு வந்து, தங்கள் ஸ்டேஷனை ஒரு பாதிரியார் கோயிலில் பார்த்து அதிசயித்துப் போனார்கள். பாலக்கரை பாய் வீட்டுப் பெண்கள் ரிக்‌ஷாவில் வந்தார்கள். திருவெள்ளறைப் பக்கத்திலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்தவர்கள், குழந்தை இயேசுவை ஒரு நிமிடமும் ரயிலை ஒரு மணி நேரமும் பார்த்தார்கள். பெரியப்பா சுவிட்சுப் பெட்டிக்குப் பக்கத்தில் நிற்பார். பெரியம்மா மடியில் ஒரு துணிப்பையை வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள். ரயிலை அவள் பார்க்கவேயில்லை. என் உயரத்தில் எந்தப் பெண் வந்தாலும் அதன் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள். சில குழந்தைகள் பயந்து அம்மாவின் முந்தானைக்குள் ஒளிந்துகொண்டன.

புது வருடத்துக்கு முந்திய ஒரு சாயங்காலம். நான் மேசை விளிம்பில் கன்னத்தை வைத்து, பிளாட்ஃபாரம் கண்ணுக்கு நேராக வருமாறு பார்த்துக்கொண்டிருந்தேன். அப்படிப் பார்த்தால் எல்லாம் நிஜ அளவுக்கு வந்துவிடும். திடீரென்று கரண்ட் போய்விட்டது. ரயில் ஸ்டேஷனுக்கு எதிரே நின்றது. கூட்டம் ஹோ என்று கத்திவிட்டு அடங்கியது. மங்கிய வெளிச்சத்தில் அந்தப் பொம்மைதான் எனக்கு மிகக் கிட்டத்தில் இருந்தது. அது மூச்சு விடுகிறதென்று நினைத்தேன். என் மூச்சுக் காற்றில் அதன் கவுன் அசைந்திருக்க வேண்டும்.

கரண்ட் வந்தது. பந்தலின் சீரியல் பல்புகள் சிவப்பும் பச்சையுமாகச் சுற்ற ஆரம்பித்தன. அந்த நிறங்கள் வெறும் பலகைச் சதுரத்தின் மேல் விழுந்து ஓடின. அதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. இத்தனை பெரிய விஷயத்தை எப்படி விட்டார்!

“பெரியப்பா! எடை பாக்குற மெஷினை வைக்காம விட்டுட்டீங்களே! இங்கதானே இருக்கும்? மேல ஏறி நின்னா செவப்பும் பச்சையுமா லைட்டு சுத்துமே!”

ரயில் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. பெரியப்பா என்னைப் பார்த்தார். அவர் காதிலிருந்த பென்சில் கீழே விழுந்தது, அவர் குனியவில்லை. அதற்குள் பெரியம்மா எழுந்து வந்துவிட்டாள். கூட்டத்தை அவள் விலக்கிய மாதிரியே தெரியவில்லை. என் கையைப் பிடித்தாள்.

“வந்துட்டியா” என்றாள். என்னைத் தன் மகளின் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். “வந்துட்டியாடி கண்ணு. எங்கடி போயிருந்த இத்தனை நாளா?”

நான் நானேதான் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்வதற்குள் பெரியம்மா துணிப்பையிலிருந்து இன்னொரு கவுனை எடுத்து, நான் போட்டிருந்த கவுனுக்கு மேலேயே தலைவழியாக மாட்டிவிட்டாள். இரண்டும் ஒரே துணி. மேலே போட்டது ஒரு விரற்கடை கீழே இறங்கி நின்றது.

“அளவு சரியா இருக்கு, பாருங்க” என்றாள் பெரியப்பாவிடம். முகமெல்லாம் சிரிப்பு. அப்படி ஒரு சந்தோஷத்தை அதற்குப் பிறகு நான் யார் முகத்திலும் பார்த்ததில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

பெரியப்பா மெதுவாக வந்து மண்டியிட்டார். “உனக்கு எப்படிப் பாப்பா தெரியும்?” என்று கேட்டார்.

“தெரியும்” என்றேன். வேறென்ன சொல்ல? எப்படித் தெரியும் என்று எனக்கே தெரியாது.

அவர் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார். பிறகு பெரியம்மாவின் விரல்களை ஒவ்வொன்றாக என் கையிலிருந்து பிரித்தார். அவர் ஒன்றைப் பிரித்தால் அவள் இன்னொன்றை இறுக்கினாள். கூட்டத்திலிருந்த அப்பா வந்து என்னைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினார். பந்தலுக்குள்ளிருந்து பெரியம்மா அந்தப் பெயரைக் கூப்பிடுவது தெருமுனை வரைக்கும் கேட்டது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, அப்பாவின் தோளில் கிடந்தபடி நான் அதற்கு ஒருமுறை “என்ன” என்று பதில் சொல்லிவிட்டேன்.

வீட்டில் அம்மா அந்தக் கவுனைக் கழற்றி, என் நெற்றியில் தீர்த்தம் தெளித்து, ஜெபமாலையைக் கழுத்தில் போட்டாள். கையில் விரல் பதிந்த தடம் சில நாள் நீலமாக இருந்தது. அதன் பிறகு என்னைத் தனியாகப் பொன்மலைக்கு அனுப்பவில்லை. அடுத்த வருடம் குடிலில் வைக்கோலும் ஆட்டுக்குட்டியும்தான். ரயில் என்ன ஆனது என்று நான் கேட்கவில்லை. நாலு பேர் முன்னால் பெரியப்பாவின் வேலையில் குறை சொல்லிவிட்டேன், அதனால்தான் இந்தத் தண்டனை என்று நினைத்துக்கொண்டேன். வெகு காலம் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

நான் கல்யாணமாகி, என் மகளுக்கு மூன்று வயதானபோது, ரயிலேற்றிவிட அம்மா திருச்சி ஜங்ஷனுக்கு வந்திருந்தாள். பிளாட்ஃபாரத்தில் எடை பார்க்கும் மெஷின் ஒன்று விளக்குகள் சுற்ற நின்றிருந்தது. மகள் கையை விடுவித்துக்கொண்டு ஓடி அதன் மேல் ஏறினாள். அம்மா கூடையைப் போட்டுவிட்டு ஓடிப்போய் அவளை வாரி எடுத்தாள். மூச்சு வாங்கியது. என்னம்மா என்றேன். அப்போதுதான் சொன்னாள்.

அந்த ஏகாதசியன்று லால்குடி சொந்தக்காரர் வீட்டிலிருந்து பெரியப்பா குடும்பத்தோடு நானும் திரும்பிக்கொண்டிருந்தேனாம். தம்பி பிறந்திருந்த சமயம் என்பதால் அம்மா என்னை அவர்களோடு அனுப்பியிருக்கிறாள். கூட்டத்தில் ரயில் நகராமல் ஸ்ரீரங்கத்தில் நின்றுவிட, பெரியம்மாவைப் பெட்டியில் இடத்தை விடாமல் உட்காரச் சொல்லிவிட்டு, பெரியப்பா எங்கள் இருவரையும் கீழே இறக்கினாராம்.

“லைட்டைப் பாருங்கன்னு ரெண்டு பேரையும் மெஷின் மேல ஏத்தி நிக்க வச்சிருக்கார். நீங்க கையைக் கோத்துக்கிட்டு நின்னீங்களாம். தண்ணி புடிக்கக் கொழாய்ப் பக்கம் திரும்பியிருக்கார், அவ்வளவுதான். பாத்தா நீ மட்டும் நிக்கிற. அவ எங்கன்னு எல்லாரும் உன்னைத்தான் கேட்டாங்க. நீ மெஷினையே காட்டினியாம். எத்தனை தரம் கேட்டாலும் அதையே காட்டினியாம். அதைத் தொறந்து காட்டுங்கன்னு உங்க பெரியம்மா தரையில விழுந்து பொரண்டா. தொறந்து காட்டினாங்க. அப்புறம் அவ நச்சரிப்பு தாங்காம அதையே பேத்து எடுத்துட்டாங்க.”

ரயில் புறப்பட்டது. மகள் என் மடியில் தூங்கிவிட்டாள். காவேரியும் ஸ்ரீரங்கமும் அந்தத் தடத்தில் வராது. வந்திருந்தாலும் நான் ஜன்னல் பக்கம் திரும்பியிருக்க மாட்டேன். சிவப்பும் பச்சையுமாக விளக்குகள் சுற்றுவது எனக்கு நன்றாக ஞாபகமிருந்தது. என் காலுக்குக் கீழே இரும்புத் தட்டு லேசாக அசைவதுகூட ஞாபகமிருந்தது. பக்கத்தில் யாரும் ஞாபகமில்லை. பெரியப்பா செதுக்கிய பொம்மை ஒரு கையை நீட்டி யாரைப் பிடித்துக்கொண்டு நின்றது என்பது மட்டும் அப்போது தெரிந்தது.